தண்ணீரும் காற்றும் சேரும் இடத்தில் ஒளி என்ன செய்கிறது?

டம்ளர் தண்ணீரில் ஸ்பூன் ஒடிந்து தெரிகிறது. நீச்சல் குளம் உள்ளதைவிட ஆழம் குறைவாகத் தெரிகிறது. கடல் நீலமாகத் தெரிகிறது. மூன்றுக்கும் காரணம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தண்ணீரில் ஒளி வளையும்." முதல் இரண்டுக்கு இது பாதி சரி. மூன்றாவதற்குப் பொருந்தவே பொருந்தாது. கடல் நீலத்துக்கு "வானத்தின் பிரதிபலிப்பு" என்று இன்னொரு பதிலும் புழங்குகிறது. அதுவும் பெரும்பகுதி தவறு என்று 1921-லேயே ஒரு தமிழர் கப்பலில் வரும்போது சோதித்துக் காட்டிவிட்டார். நூறாண்டு கடந்தும் அந்தத் தவறு நம் பேச்சில் அப்படியே இருக்கிறது.

ஒளிவிலகல் ஒரு பாடம், ஒளிச்சிதறல் வேறொரு பாடம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ததால் வந்த குழப்பம் இது. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்த வேரைப் பிடித்துவிட்டால் ஸ்பூன், குளம், கடல், சோப்பு நுரை, நனைந்த வேட்டி எல்லாம் ஒரே கதையில் வந்து சேரும். கணக்கு அதிகம் வேண்டாம்.

## முதலில் ஒரு காசு

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். கிண்ணத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகருங்கள். ஓரிடத்தில் கிண்ணத்தின் விளிம்பு காசை மறைத்துவிடும். அங்கேயே தலையை அசைக்காமல் இருந்துகொண்டு, வேறு யாரையாவது கிண்ணத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர்மட்டம் ஏற ஏற, மறைந்திருந்த காசு விளிம்புக்கு மேலே எழும்பி வரும். காசு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கண்ணும் நகரவில்லை. மாறியது காசிலிருந்து புறப்பட்ட ஒளியின் பாதை மட்டுமே.

அந்த ஒளி தண்ணீருக்குள் நேர்கோட்டில்தான் வருகிறது. காற்றிலும் நேர்கோட்டில்தான் போகிறது. இரண்டும் சேரும் நீர்மட்டத்தில் மட்டும் சட்டென்று திசை மாறுகிறது. இதற்குப் பெயர் ஒளிவிலகல். "தண்ணீருக்குள் ஒளி வளைந்து வளைந்து போகிறது" என்று சிலர் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மாற்றம் எல்லைக்கோட்டில் மட்டும்தான்.

நம் கண்ணுக்கும் மூளைக்கும் இந்தத் திருப்பம் தெரியாது. ஒளி எந்தத் திசையிலிருந்து கண்ணுக்குள் நுழைந்ததோ, அதே திசையில் நேராகப் பின்னோக்கிப் போனால் பொருள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் காசு மேலே எழும்பியதாகப் படுகிறது.

நேர் மேலிருந்து பார்த்தால், தண்ணீரின் ஆழம் உண்மையில் உள்ளதில் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடி ஆழம் ஆறடி போலத் தெரியும். "நேராகப் பார்க்கும்போது ஒளி திரும்பாதே, பிறகெப்படி ஆழம் குறையும்?" என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. மிகச் சரியாகச் செங்குத்தாக வரும் ஒரே ஒரு கதிர் மட்டும் திரும்புவதில்லை. ஆனால் ஒரு புள்ளியிலிருந்து கண்ணின் பாவைக்குள் நுழைவது ஒரு கதிர் அல்ல, சிறு கற்றை. அந்தக் கற்றையின் ஓரக் கதிர்கள் நீர்மட்டத்தில் சற்றே விரிகின்றன. விரிந்த கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் இடம் முக்கால் ஆழத்தில் இருக்கிறது.

கரையில் நின்று சாய்வாகப் பார்த்தாலோ ஆழம் முக்காலைவிடவும் குறைவாகத் தெரியும். குளத்திலும் கல்குவாரிப் பள்ளத்திலும் இறங்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் தரை தெரிகிறது என்பதால் கால் எட்டும் என்று பொருள் இல்லை. கண் சொல்லும் ஆழத்தை நம்பி இறங்கக் கூடாது.

## ஏன் திரும்புகிறது?

கடற்கரைக்குப் போகும் ஒரு சுண்டல் வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. தார்ச்சாலையில் சரளமாக உருண்டுவந்து, சாலையும் மணலும் சேரும் கோட்டைச் சாய்வாகத் தாண்டுகிறது. ஒரு சக்கரம் முதலில் மணலில் இறங்கி வேகம் குறைகிறது. மற்றது இன்னும் தாரில் பழைய வேகத்தில் ஓடுகிறது. விளைவு, முதலில் இறங்கிய சக்கரத்தின் பக்கமாக வண்டி திரும்பிவிடுகிறது. இரண்டாவது சக்கரமும் மணலுக்கு வந்த பிறகு திரும்புவது நின்று, புதிய திசையில் நேராகப் போகிறது. சாய்வில்லாமல் நேருக்கு நேர் மணலில் இறங்கினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகம் இழக்கும், வண்டி திரும்பாது. மணலிலிருந்து சாய்வாக ஏறும்போது முதலில் ஏறிய சக்கரம் வேகம் பிடிப்பதால், திருப்பம் எதிர்ப்பக்கமாக நடக்கும்.

ஒளி ஓர் அலை. அதற்கு அகலம் உண்டு. அந்த அகலம்தான் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அச்சின் இடத்தில் நிற்கிறது. அலையின் ஒரு முனை முதலில் தண்ணீரைத் தொட்டு வேகம் குறைகிறது, மறுமுனை இன்னும் காற்றில் இருக்கிறது, அலை திரும்புகிறது. இவ்வளவுதான்.

வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். காற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகம். தண்ணீரில் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர். வெற்றிட வேகத்தைத் தண்ணீரில் உள்ள வேகத்தால் வகுத்தால் 1.33 வரும். இந்த எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு இது 1.0003, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. எல்லையின் இருபுறமும் இந்த எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு திருப்பம்.

நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக மனதில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து 30 டிகிரி சாய்ந்து காற்றிலிருந்து வரும் ஒளி, தண்ணீருக்குள் 22 டிகிரியில் போகும். 60 டிகிரியில் வந்தால் சுமார் 40 டிகிரி. சாய்வு கூடக் கூடத் திருப்பமும் கூடும். இந்தக் கோணங்களை அலெக்சாண்டிரியாவில் தாலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே அளக்க முயன்றார். சரியான விதியை பாக்தாத்தில் இப்னு சஹ்ல் 984-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிவைத்தார். ஆனால் 1621-இல் அதைத் தானாகக் கண்டறிந்த நெதர்லாந்துக்காரர் ஸ்நெல்லின் பெயரே விதிக்கு நிலைத்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் ஒளிவிலகல் எண் எல்லா நிறத்துக்கும் துல்லியமாக ஒன்றல்ல; ஊதாவுக்குச் சற்று அதிகம், சிவப்புக்குச் சற்றுக் குறைவு. அதனால் நிறங்கள் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் திரும்பிப் பிரிகின்றன. இது நிறப்பிரிகை. வானவில் இதன் வேலை. இதை ஒளிச்சிதறலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதுவரை வந்தது: தண்ணீரில் ஒளி வேகம் குறைகிறது. சாய்வாக நுழையும் அலையின் ஒரு முனை முன்னதாக வேகம் இழப்பதால் திசை மாறுகிறது. மாற்றம் நீர்மட்டத்தில் மட்டும் நடக்கிறது.

## தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால்

ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது செங்குத்துக் கோட்டைவிட்டு விலகிச் சாயும். உள்ளே சாய்வு கூடக் கூட, வெளியே இன்னும் வேகமாகக் கூடும். உள்ளே 48.6 டிகிரி ஆனதும், வெளியே வரும் கதிர் நீர்மட்டத்தை ஒட்டியே படுத்துவிடும். அதற்கு மேல் சாய்ந்தால் வெளியே வர வழியே இல்லை. முழுவதும் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே வந்துவிடும். 48.6 டிகிரி என்பது தண்ணீருக்கான மாறுநிலைக் கோணம். அதைத் தாண்டி நடப்பது முழு அக எதிரொளிப்பு. கண்ணாடி இழைக் கம்பியில் இணையம் வருவது இதே தத்துவத்தால்தான்.

அமைதியான நீருக்குள் மூழ்கி அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, அடிவானம் முதல் அடிவானம் வரை வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்தின் அகலம் சுமார் 97 டிகிரி. வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாக மாறி, குளத்தின் அடித்தரையைத்தான் காட்டும். அலையாத்திக் காடுகளில் வாழும் வில்மீன், நீருக்குள் இருந்தபடியே வெளியே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி வீழ்த்துகிறது. பூச்சி தெரியும் இடமும் இருக்கும் இடமும் வேறு என்ற சிக்கலை அந்த மீன் பழக்கத்தால் சரிசெய்துகொள்கிறது. கரையிலிருந்து ஈட்டியால் மீன் குத்துபவர், மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைப்பதும் இதே திருத்தம்தான்.

முழு அக எதிரொளிப்பு இல்லாத இடத்திலும் கொஞ்சம் ஒளி எப்போதும் திரும்பவே செய்கிறது. தண்ணீர் மேல் செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் எதிரொளிக்கும். 80 டிகிரி சாய்வில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். உச்சி வெயிலில் ஏரிக்குள் தெரிந்த தரை மாலையில் தெரியாமல் கண்கூசுவது இதனால்தான். இந்த 2 சதவீதத்தை நினைவில் வையுங்கள், நுரையிடம் வரும்போது தேவைப்படும்.

## வேகம் ஏன் குறைகிறது?

இங்கேதான் தவறான விளக்கம் அதிகம் புழங்குகிறது. ஒளித்துகள்கள் தண்ணீர் மூலக்கூறுகளில் முட்டி மோதி, சுற்றிச் சுற்றி வருவதால் தாமதமாகிறதாம். அப்படி முட்டி மோதியிருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் தெறித்துப் போயிருக்கும். தண்ணீருக்குள் ஒரு காசின் உருவம்கூடத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

நடப்பது இது. ஒளி என்பது அதிர்ந்துகொண்டே பயணிக்கும் மின்புலமும் காந்தப்புலமும். அந்த மின்புலம் ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள எலக்ட்ரான்களை அதே தாளத்தில் ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் சும்மா இருக்காது. தானும் ஒரு சிற்றலையை எல்லாப் பக்கமும் அனுப்பும். வந்த அலை ஒன்று, கோடானுகோடி எலக்ட்ரான்கள் அனுப்பும் சிற்றலைகள் இன்னொரு பக்கம். தண்ணீருக்குள் நாம் "ஒளி" என்று பார்ப்பது இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை.

முன்னோக்கிய திசையில் எல்லாச் சிற்றலைகளும் ஒன்றோடொன்று இசைந்து சேர்கின்றன. ஆனால் அவை மூல அலையைவிடத் தாளத்தில் சற்றுப் பின்தங்கியவை. அதனால் கூட்டலையின் முகடு ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. முகடு தாமதமாக நகர்வதையே நாம் "தண்ணீரில் ஒளியின் வேகம் குறைவு" என்று அளக்கிறோம். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது மாறுவதில்லை. நீருக்குள் மாறுவது அலைநீளம் மட்டுமே. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள அந்தத் தூரம் குறைகிறது.

பக்கவாட்டில் போன சிற்றலைகள் என்ன ஆயின? தண்ணீரில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து இருக்கின்றன. பச்சை ஒளியின் ஓர் அலைநீளத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை வரிசையாக வைக்கலாம். ஆகவே எந்த ஒரு மூலக்கூறை எடுத்தாலும், அதன் பக்கவாட்டு அலையைச் சரியாக எதிர்த்து அணைக்கும்படி அரை அலைநீளத் தொலைவில் இன்னொன்று இருக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்து பூஜ்யம். பக்கவாட்டில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆக, ஒளிவிலகல் என்பது ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைச் சிதறடித்து, ஒழுங்கின் காரணமாகப் பக்கவாட்டுப் பகுதி அழிந்து, முன்னோக்கிய பகுதி மட்டும் மிஞ்சும் நிலை. அந்த ஒழுங்கு குலைந்தால் பக்கவாட்டுப் பகுதி தப்பித்துவிடும். அப்போது நம் கண்ணுக்குத் தெரிவது ஒளிச்சிதறல்.

## ஒழுங்கு குலையும் இடங்கள்

ஒழுங்கைக் குலைக்க எளிய வழி, வேறு பொருளைக் கலப்பது. இருட்டறையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, செல்பேசியின் டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடியுங்கள். ஒளிக்கற்றை ஏறக்குறையத் தெரியாது. இப்போது சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். கற்றையின் பாதை முழுவதும் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் அதில் ஒரு மெல்லிய நீலச்சாயல் இருக்கும். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் வந்து டம்ளரின் வழியே டார்ச்சைப் பார்த்தால் அது ஆரஞ்சாகத் தெரியும். வானம் நீலமாக இருப்பதும், மறையும் சூரியன் சிவப்பதும் இந்த டம்ளருக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள், குறைந்த அலைநீளம் கொண்ட ஒளியை மிக அதிகமாகச் சிதறடிக்கும். சிவப்பைவிட நீலம் ஐந்தாறு மடங்கு சிதறும். ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவின் பெயரால் இது ராலே சிதறல். துகள் பெரிதாகிவிட்டால் இந்தப் பாகுபாடு போய், எல்லா நிறமும் ஏறக்குறையச் சமமாகச் சிதறும். அதனால்தான் பால் நிறைய ஊற்றினால் வெள்ளை, மேகமும் வெள்ளை.

நுரை ஏன் வெள்ளை? எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. நுரையில் இருப்பது தண்ணீரும் காற்றும் மட்டுமே. இரண்டும் நிறமற்றவை, தெளிந்தவை. ஆனால் நுரைக்குள் நுழைந்த ஒளி ஒவ்வொரு குமிழியிலும் காற்றிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து காற்றுக்கு என்று மாறி மாறி எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது. ஓர் எல்லையில் 2 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ திரும்புகிறது, மீதி விலகுகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளுக்குப் பிறகு எந்தக் கதிருக்கும் தன் பழைய திசை இருக்காது. எல்லா நிறமும் எல்லாத் திசையிலும் வெளியே வரும், அதுவே வெள்ளை. அருவியும் அலைநுரையும் வெண்மையாக இருப்பது இப்படித்தான். இங்கே ஒளிவிலகலும் எதிரொளிப்பும் பலமுறை நடந்து நடந்து சிதறலாகவே ஆகிவிடுகின்றன.

இதன் மறுபக்கத்தை நனைந்த வேட்டியில் பார்க்கலாம். பருத்தி நாரும் அதன் இடையே உள்ள காற்றும் சேர்ந்து எண்ணற்ற எல்லைகளை உண்டாக்குவதால் காய்ந்த வேட்டி வெள்ளையாக, மறைப்பாக இருக்கிறது. நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வருகிறது. நாரின் ஒளிவிலகல் எண் ஒன்றரைக்குச் சற்று மேல். காற்றின் 1-ஐவிடத் தண்ணீரின் 1.33 அதற்கு நெருக்கம். எல்லையில் வேறுபாடு குறைந்தால் ஒளி திரும்புவதும் குறையும், ஊடுருவிப் போவது கூடும். அதனால் துணி மறைப்பு இழக்கிறது. பஜ்ஜி வைத்த தாளில் எண்ணெய் ஊறிய இடத்தின் வழியே மறுபக்கம் தெரிவதும் இதுவே. எண்ணெயின் எண் சுமார் 1.47; தாளின் நாருக்கு அது இன்னும் நெருக்கம்.

சுருக்கமாக: சீராக இருந்தால் விலகல், சீர் கெட்டால் சிதறல். சிறு துகள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், பெரிய துகளும் நுரையும் எல்லா நிறத்தையும் சிதறடித்து வெண்மை தரும்.

## கடல் நீலம்

எதையும் கலக்காத, வடிகட்டிய தூய தண்ணீரிலும் ஒழுங்கு முழுமையானதல்ல. வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் அலைவதால், ஓரிடத்தில் நொடிப்பொழுது கொஞ்சம் நெருக்கம், பக்கத்தில் கொஞ்சம் இளக்கம் என்று அடர்த்தி ஏறி இறங்குகிறது. அந்தச் சிறு ஏற்ற இறக்கமே கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கப் போதும்.

1921-இல் இங்கிலாந்தில் பல்கலைக்கழக மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு, நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் சி.வி. ராமன். திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்து, அப்போது கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தவர். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆழ்கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது; ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம் அது. தண்ணீரில் பட்டுக் குறிப்பிட்ட ஒரு சாய்வில் எதிரொளிக்கும் ஒளி, ஒரே தளத்தில் மட்டும் அதிரும். பட்டகத்தைத் திருப்பி அதை வடித்து நீக்கிவிடலாம். வானத்தின் எதிரொளிப்பே காரணம் என்றால், அதை நீக்கியதும் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்னைவிட அழுத்தமான நீலம் தெரிந்தது. நிறம் நீருக்குள்ளிருந்து வருகிறது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நேச்சர் இதழுக்கு எழுதினார். அந்த ஆர்வத்தைத் தொடர்ந்து, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டே போனார். சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறமே மாறி வருகிறது என்று 1928 பிப்ரவரி 28 அன்று கண்டார்கள். 1930-இல் நோபல் பரிசு.

கடல் விஷயத்தில் இன்று நாம் அறிவது இன்னும் ஒரு படி கூடுதல். தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கவர்கிறது, அதாவது விழுங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வு அதற்குக் காரணம். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள கனநீரில் அந்த அதிர்வு வேறிடத்துக்கு நகர்ந்துவிடுவதால், கனநீர் ஏறக்குறைய நிறமற்றது. ஒரு டம்ளரில் இந்த உட்கவர்தல் கண்ணுக்கே தெரியாது. பல மீட்டர் ஆழத்தில் சிவப்பு போய்விடும், நீலம் மிஞ்சும். மிஞ்சிய நீலத்தை நம் கண் பக்கம் திருப்பி அனுப்புவது சிதறல். உட்கவர்தல் இல்லாவிட்டால் நீலம் வெளிறியிருக்கும். சிதறல் இல்லாவிட்டால் ஆழ்கடல் கறுத்திருக்கும். வானத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. தூரத்துக் கடலை நாம் மிகச் சாய்வாகப் பார்க்கிறோம், அங்கே எதிரொளிப்பு அதிகம். மேகமூட்ட நாளில் கடல் சாம்பலாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். வெண்மணல் தரை உள்ள ஆழமற்ற கடல் இளம்பச்சை கலந்த நீலமாகவும், மழைக்காலத்தில் ஆற்றுமுகத்துவாரம் செம்மண் நிறமாகவும் தெரிவதில் வானத்துக்கு வேலையே இல்லை.

## முக்குளிப்பவரின் கண்ணாடி

நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவது ஏன்? நம் கண்ணின் குவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, காற்றும் கார்னியாவும் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) சேரும் எல்லையில் நடக்கும் ஒளிவிலகலிலிருந்து வருகிறது. கார்னியாவின் எண் சுமார் 1.38. காற்றின் இடத்தில் 1.33 எண் கொண்ட தண்ணீர் வந்தால் அந்த எல்லையில் திருப்பமே ஏறக்குறைய இல்லாமல் போகிறது. கண்ணாடி முகமூடி அணிவது கண்ணுக்கு முன்னால் ஒரு காற்று அடுக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

பார்வை தெளிந்துவிடும், ஆனால் அளவு ஏமாற்றும். இப்போது ஒளி நீரிலிருந்து முகமூடிக்குள் உள்ள காற்றுக்கு வருவதால், நாலடி தள்ளியுள்ள சங்கு மூன்றடியில் இருப்பது போலப்பட்டு, அளவிலும் பெரிதாகத் தெரியும். புதிதாக முக்குளிப்பவர் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்து, எட்டாமல் தவறவிடுவது இதனால்.

நிறமும் ஏமாற்றும். பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் மங்கி, சிவந்த மீன் பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் சிவப்பு திரும்ப வரும். விளக்கிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து கண்ணுக்கும் ஒளி கடக்கும் தூரம் குறைவு என்பதால் உட்கவர நேரம் கிடைப்பதில்லை. கடலுக்குள் படமெடுப்பவர்கள் அந்த விளக்கைக் கேமராவின் மேலேயே பொருத்தாமல், கை நீள அளவு பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கிறார்கள். லென்சுக்கு நேர் முன்னால் மிதக்கும் துகள்கள் மேல் விளக்கின் ஒளி பட்டால், அது சிதறித் திரும்பி வந்து படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.